8,200 வெள்ளிக்கு வாங்கி 13,200 வெள்ளிக்கு விற்ற மைவி: நடுவில் இருந்த ஐயாயிரம் எங்கே போனது?

பழைய காடி (கார்) ஒன்றை வாங்கிக் கொஞ்சம் செலவு செய்து விற்றால் நாலாயிரம், ஐயாயிரம் கையில் நிற்கும் என்ற பேச்சு செந்தூலிலிருந்து கிள்ளான் வரை எந்த ஒட்டுக்கடையிலும் காதில் விழும். வாங்கிய விலையும் விற்ற விலையும் மட்டுமே சொல்லப்படுவதால் கேட்பவருக்கும் நியாயமாகத்தான் படும். இங்கே ஒரே ஒரு காடியை எடுத்துக்கொண்டு, தேடத் தொடங்கியதிலிருந்து பெயர் மாறி முடியும்வரை செலவான வெள்ளியையெல்லாம் (ரிங்கிட்) எழுதிப் பார்க்கிறோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட மாதிரிக் காடி. ஆனால் இதில் வரும் பழுதுகளும் விலைகளும் கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் இந்த வகைக் காடிக்கு வழக்கமாக வருபவை. பட்டறைக்குப் பட்டறை நூறு ஏறும், நூறு இறங்கும்.

காடி 2009 பெரோடுவா மைவி 1.3, ஆட்டோ. 2005 மே மாதம் வந்து 2011 வரை ஓடிய முதல் தலைமுறை. 1,298 சிசி கே3-விஇ எஞ்சின், டைமிங் பெல்ட் கிடையாது, செயின். நாலு கியர் ஆட்டோ. ஸ்பேர் பார்ட் எந்தத் தாமானிலும் (குடியிருப்பிலும்) கிடைக்கும். மைவி கழற்றத் தெரியாத ஃபோர்மேன் (மெக்கானிக்) கோலாலம்பூரில் இல்லை. விற்க முடியாமல் தேங்கிக் கிடக்கும் ரகமும் இல்லை. இவ்வளவு வசதியுள்ள காடியிலேயே கணக்கு எப்படி முடிகிறது என்று பாருங்கள். பழைய ஐரோப்பியக் காடிகளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தேடுவதற்கே பணம் போகிறது

முடா விளம்பரத் தளம், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் மலிவான மைவி நாள் முழுக்க வந்துகொண்டேதான் இருக்கும். உண்மையிலேயே மலிவானது ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். வாங்குவது முழுநேர வியாபாரிகள். அவர்களுக்குச் சொந்தப் பட்டறை உண்டு, கையில் ரொக்கம் உண்டு, வேலைநாள் பகல் பதினொரு மணிக்குக் காஜாங் வரை போய் வர ஆளும் உண்டு. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து விளம்பரம் பார்ப்பவருக்கு மிஞ்சுவது அவர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டவைதான். நாலு வாரமாக அதே படத்தோடு நிற்கும் விளம்பரத்துக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

நேரில் போவதற்கு முன் போனிலேயே பாதியைக் கழித்துவிட வேண்டும். கேள்விகள் நாலு போதும்.

"அண்ணே, காடி உங்க பேர்லதானே இருக்கு?"

"இல்ல தம்பி, மச்சான் பேரு. அவரு ஜொகூர்ல இருக்காரு."

"கிராண்டு கையில இருக்கா? பேங்க் முடிஞ்சிருச்சா?"

"அதெல்லாம் பிரச்சனை இல்ல. நீங்க வந்து காடிய பாருங்க, மத்தத பேசிக்கலாம்."

கிராண்டு என்றால் காடியின் பதிவுப் பத்திரம். இந்தப் பதிலோடு போனை வைத்துவிடலாம். பேசுபவர் இடைத்தரகராக இருக்கலாம், கடன் முடியாத காடியாக இருக்கலாம், மச்சானுக்கு விஷயமே தெரியாமலும் இருக்கலாம். மற்ற இரண்டு கேள்விகள்: ரோட் டேக்ஸ் எப்போது முடிந்தது, கடைசியாக என்ன பழுது பார்த்தீர்கள். ஒன்றுமே பார்க்கவில்லை, காடி அவ்வளவு நல்லது என்று பதினாறு வயதுக் காடியைப் பற்றி ஒருவர் சொன்னால் அந்தச் செலவெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிக் கழித்த பிறகும் ஏழு காடியை நேரில் பார்த்தால்தான் ஒன்று தேறும் என்று வைத்துக்கொள்வோம். செந்தூலிலிருந்து பூச்சோங், ரவாங், கிள்ளான் என்று போய்வர பெட்ரோல், டோல், பார்க்கிங் சேர்த்து ஒரு பயணத்துக்கு 30 வெள்ளி, மொத்தம் 210. போய்வர, பார்க்க, பேரம் பேச நாலு மணி நேரம் வீதம் 28 மணி நேரம். வாங்காத ஆறு காடிகளின் செலவும் வாங்கிய ஒன்றின் தலையில்தான் ஏறும். காப்பிக்கடைக் கணக்கில் இது எப்போதும் வராது.

பார்க்காமல் முன்பணம் கேட்பவருக்கு ஒரு சென் கூட அனுப்ப வேண்டாம். 'இன்னொருத்தர் வந்துகிட்டு இருக்காரு, 300 போட்டா பிடிச்சி வைக்கிறேன்' என்பது பழைய வித்தை.

காடியின் முன்னால் நிற்கும்போது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போய் போனெட்டைத் தொட்டால் சுடுகிறது என்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தையோ புகையையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாதபோது பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் பளபளக்கும்.

முதலில் உடம்பு. முன் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால் தலையிலும் காடி நிறமே இருக்கும், ஸ்பேனர் பட்ட காயம் இருக்காது. பெயிண்ட் பெயர்ந்திருந்தால் ஃபெண்டர் ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. அது மட்டும் குற்றமில்லை. பதினாறு வருடத்தில் ஒரு ஃபெண்டர் மாறாத காடி அபூர்வம். ஆனால் அடுத்ததாக ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் கதவு ரப்பரை இழுத்தால் தெரியும் விளிம்பையும் பார்க்க வேண்டும். கம்பெனி வெல்டிங் சம இடைவெளியில் வட்டப் புள்ளிகளாக வரும். புள்ளி இல்லாமல் வழவழப்பாகச் சீலண்ட் பூசியிருந்தாலோ, புள்ளிகள் ஒரு பக்கம் மட்டும் தாறுமாறாக இருந்தாலோ அங்கே காடியின் உடலை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு காடியின் பாதிகளைச் சேர்த்த 'போத்தோங் சம்போங்' காடியில் இந்தத் தடயம் தரைக் கம்பளத்துக்கு அடியிலும் நடுத்தூண் அடியிலும் கிடைக்கும். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி இருந்தால் வேலை சுலபம்: கம்பெனிப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும், 300-ஐத் தாண்டினால் மறுபூச்சு, ஆயிரத்தை நெருங்கினால் அடியில் பட்டி.

வெள்ளத்தில் மூழ்கிய காடி இன்னொரு ஆபத்து. 2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வேறு பல இடங்களிலும் எண்ணற்ற காடிகள் நீரில் நின்றன. அவற்றில் கழுவித் துடைத்து மறுபடி ஓடுபவையும் உண்டு. சீட்பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. சீட் தண்டவாளத் துரு, ஸ்டீயரிங்குக்கு அடியிலுள்ள ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு, பூட்டில் ஸ்பேர் டயர் குழியில் மெல்லிய சேறு, இவை மூன்றும் கழுவினாலும் போகாது. பல மாதம் கழித்து ஒவ்வொரு சென்சராகச் சாகும்போது எந்த ஃபோர்மேனாலும் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து எஞ்சின். மைவியில் மேலே இருக்கும் இக்னிஷன் காயில் ஒன்றைக் கழற்றி மேலே இழுத்தால் நீள ரப்பர் குழாயோடு வெளியே வரும். அந்த ரப்பரின் கீழ்ப்பாதி எண்ணெயில் நனைந்திருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டும் பிளக் துளை சீலும் தளர்ந்துவிட்டன. பழுது சின்னது, 120 வெள்ளியில் முடியும். எண்ணெய் ஊறி ரப்பர் உப்பியபின் காயிலும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கினால் செலவு பெருகும். கூலன்ட் மூடியைத் திறந்தால் (எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும்) பச்சையோ சிவப்போ தெளிவாகத் தெரிய வேண்டும். செம்மண் கரைத்தது போலிருந்தால் வருடக்கணக்கில் பைப் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வாட்டர் பம்ப், ரேடியேட்டர் இரண்டுக்கும் பணம் ஒதுக்கிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கியர் பாக்ஸ்தான் முடிவைச் சொல்லும் இடம். பிரேக்கை அழுத்திக்கொண்டு பி-யிலிருந்து (பார்க்) ஆர்-க்குத் (ரிவர்ஸ்) தள்ளுங்கள். ஒரு நொடிக்குள் மெல்லக் கவ்வ வேண்டும். இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டு 'டக்' என்று இடித்தால் உள்ளே தேய்மானம். சூடேறிய பிறகு ஒரு மேட்டில் மெதுவாக ஏற்றி, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் ஹாஃப்கட் (வேறு பழைய காடியிலிருந்து கழற்றிய) கியர் பாக்ஸோ ஓவர்ஹாலோ தேவைப்படும். ஐயாயிரத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மீட்டரை நம்ப வேண்டாம். 90,000 கிலோமீட்டர் என்று காட்டும் காடியில் பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது, டிரைவர் சீட்டின் வலப்பக்கப் பஞ்சு அமுங்கிவிட்டது என்றால் எது பொய் சொல்கிறது என்று யோசிக்கத் தேவையில்லை.

இதெல்லாம் தேறிய பிறகே பட்டறை லிஃப்ட்டில் ஏற்ற வேண்டும். ஒரு பரிசோதனைக்கு 100 வெள்ளி. நம் கணக்கில் இரண்டு முறை: முதல் காடியின் அடிச்சட்டத்தில் புது வெல்டிங் தெரிந்ததால் அது கைவிடப்பட்டது, இரண்டாவதுதான் இந்த மைவி. விற்பவர் லிஃப்ட்டில் ஏற்றச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த 100 வெள்ளியும் மிச்சம், காடியும் வேண்டாம்.

லிஃப்ட்டில் தெரிந்தவை: முன் அப்சோபர் மவுண்டிங் இரண்டும் வெடிப்பு, லோவர் ஆர்ம் புஷ் கிழிசல், எஞ்சின் மவுண்டிங் இரண்டு தளர்வு. டயர் நாலிலும் பக்கவாட்டிலுள்ள கடைசி நாலு எண் 2017-ஆம் ஆண்டைக் காட்டியது. கட்டை (தரையில் படும் வரிப்பகுதி) மிச்சம் இருந்தாலும் ரப்பர் கெட்டுவிட்டது. இவற்றைக் காட்டிப் பேசி 9,500 கேட்டவரிடம் 8,200-க்கு முடிகிறது. எக்கோன் (ஏசி) நன்றாகக் குளிர்ந்தது. அதை அப்புறம் பார்ப்போம்.

தாளில் ஒளிந்திருப்பது

காடியின் உடம்பைவிட அதன் தாள்தான் அதிகமாகக் காலை வாரும். கிராண்டில் பெயர், சேசி எண், எஞ்சின் எண் மூன்றையும் காடியோடு ஒப்பிட வேண்டும். வங்கியின் உரிமைக் கோரல் பதிவாகியிருந்தால், விற்பவர் 'எல்லாம் கட்டிட்டேன்' என்று சொன்னாலும், வங்கி அதை நீக்கி ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் ஏறும்வரை பெயர் மாறாது. கடன் மீதி இருந்தால் வங்கியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேரே வங்கிக் கணக்கில் கட்டுவது ஒன்றே பாதுகாப்பான வழி. விற்பவர் கையில் கொடுத்து 'நான் கட்டிக்கிறேன்' என்பதை நம்புவது உங்கள் துணிச்சல்.

'சம்போங் பாயார்' விளம்பரங்கள் மலிவாகத் தெரியும். மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டிக்கொண்டு காடியை ஓட்டலாம் என்பார்கள். வங்கிக்குத் தெரியாமல் வாடகைக்கொள்முதல் காடியைக் கைமாற்றுவது ஒப்பந்தத்துக்கும் சட்டத்துக்கும் விரோதம். நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் காடி உங்களுடையது ஆகாது. வாங்கி விற்பவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

நம்மவர்களிடம் அடிக்கடி வருவது இன்னொன்று: இறந்துபோன அப்பாவின் காடி. வீட்டு முற்றத்தில் இரண்டு வருடமாக நிற்கும், அதிகம் ஓடாதது, ஒரே கை. ஆசையாக இருக்கும். ஆனால் கிராண்டில் பெயர் உள்ளவர் உயிரோடு இல்லை என்பதால் சொத்து நிர்வாக நிறுவனமான அமானா ராயா வழியாகவோ நீதிமன்ற நிர்வாகப் பத்திரம் வழியாகவோ வாரிசு முடிவாகாமல் யாரும் விற்க முடியாது. அண்ணன் தம்பி நாலு பேரில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் காடி அங்கேயே துருப்பிடிக்கும். தாள் முடிந்த பிறகு கூப்பிடச் சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. முன்பணம் கொடுத்துவிட்டு வருவது நல்லதில்லை.

போலீஸ் சம்மனும் (அபராதம்) ஜேபிஜே சம்மனும் தனித்தனி. கட்டாமல் காடி கறுப்புப் பட்டியலில் இருந்தால் பெயர் மாற்றம் நிற்கும். விலை பேசும் நாளிலேயே இரண்டையும் விற்பவரின் போனில் திறந்து காட்டச் சொல்லிக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம். பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை. சேசி எண், எஞ்சின் எண், பதிவிலுள்ள விவரம், கண்ணாடியின் கறுப்பு முதலியவற்றைப் பார்ப்பார்கள். 2019 மே மாதம் முதல் பின்பக்கக் கண்ணாடிகளுக்குக் கறுப்பு வரம்பு இல்லை. முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். பழைய காடிகள் இங்கேதான் விழும்: முன்னாலும் கரிக்கறுப்பாக ஒட்டியிருப்பார்கள். உரித்துவிட்டு மறுபடி தேதி வாங்க வேண்டும், அரைநாள் போகும். பதிவில் வெள்ளை, நேரில் சிவப்பு என்றால் அதுவும் நிற்கும். எஞ்சின் எண்ணின் மேல் எண்ணெயும் சேறும் அப்பியிருந்தால் முதல் நாளே கழுவிக்கொண்டு போங்கள்.

பெயரைத் தன் பேருக்கு மாற்றாமல், பழைய உரிமையாளரின் கைரேகையை நேராக அடுத்த ஆளுக்குப் போட வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மிச்சமாவது ஒரு பி5 சோதனை, 100 வெள்ளி மாற்றுக் கட்டணம், ஒரு காப்புறுதி; கூட்டினால் முந்நூறு வெள்ளிகூட இல்லை. அதற்காக ஏற்கும் ஆபத்தைப் பாருங்கள். பழைய உரிமையாளர் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடலாம், மனம் மாறலாம், இறந்தும் போகலாம். நடுவில் நீங்கள் வாங்கும் சம்மன் அவர் பெயரில் போகும். விபத்து நடந்தால் காப்புறுதி அவருடையது, காடி உங்களிடம். நிறுவனம் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. ஆகவே நம் மைவி முறைப்படி பெயர் மாறுகிறது. இதனால் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று ஏறும், அடுத்து வாங்குபவர் அதைச் சொல்லி விலை குறைப்பார். அதுவும் ஒரு செலவுதான், ரசீது இல்லாத செலவு.

காப்புறுதியில் இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி காடிக்குச் சேர்ந்தது இல்லை, ஆளுக்குச் சேர்ந்தது. விற்பவரின் 55 விழுக்காடு அவரோடு போய்விடும். உங்கள் தள்ளுபடி நீங்கள் ஓட்டும் காடியில் இருந்தால் இரண்டாவது காடி சுழியத்திலிருந்து தொடங்கும். 1,400 சிசிக்குள் உள்ள தனியார் காடிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி அடிப்படை 120.60, சேவை வரி 8 விழுக்காடும் முத்திரைத் தீர்வை 10 வெள்ளியும் சேர்த்தால் 140. முழுக் காப்புறுதி எடுத்தால் ஐந்நூறுக்கு மேல் வரும். இங்கே மூன்றாம் தரப்பு எடுத்துக்கொள்கிறோம். காடி திருடு போனாலோ வெள்ளத்தில் நின்றாலோ பணம் திரும்பாது என்பதை ஏற்றுக்கொண்டு. ரோட் டேக்ஸ் 70. பெயர் மாற்றம் 100. வாங்கும்போதும் விற்கும்போதும் சேர்த்து இரண்டு சோதனைக்குச் சுமார் 70.

பட்டறை

முதல் வாரம் எதிர்பார்த்தபடியே போகும். எஞ்சின் ஆயில், ஃபில்டர், நாலு பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் மாற்ற 420. பழைய ஆட்டோ கியர் பாக்ஸில் மெஷின் வைத்து முழுவதையும் தள்ளி மாற்றாமல், அடியில் வடித்து வந்த அளவுக்கு மட்டும் ஊற்றுவதையே அனுபவமுள்ள ஃபோர்மேன்கள் விரும்புவார்கள். அதுவரை அசையாதிருந்த கசடு கிளம்பி வால்வை அடைத்தால் நேற்றுவரை ஓடிய காடி நின்றுவிடும். வால்வ் கவர் வேலை 120. அப்சோபர் மவுண்டிங், லிங்க், புஷ், அலைன்மென்ட் 480. எஞ்சின் மவுண்டிங் இரண்டு 260. 175/65 ஆர்14 டயர் நாலு, ஒன்று 150 வீதம் 600. பேட்டரி 190. முன்னும் பின்னும் பம்பர், ஒரு ஃபெண்டர் பெயிண்ட் 600. மஞ்சளித்த ஹெட்லாம்ப் பாலிஷ் 80. உள்ளே சீட் கழற்றிக் கழுவி, வெளியே பாலிஷ் போட 250. ஆக 3,000.

மூன்றாவது வாரம் எக்கோன் காற்று மட்டும் வீசுகிறது. குளிர் இல்லை.

வாங்கிய நாளில் குளிர்ந்ததே என்றால், விற்பதற்கு முன் காஸ் ஏற்றியிருக்கிறார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் ஊசித்துளை அளவு கசிவு. ஏற்றிய காஸ் இரண்டு மூன்று வாரம் தாங்கும். கூலிங் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வ், காஸ், டேஷ்போர்டு இறக்கி ஏற்றும் கூலி எல்லாம் சேர்த்து 550. இதை முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி உண்டு. காஸ் ஏற்றும் முனையின் பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். எஞ்சின் அறை முழுக்கத் தூசி படிந்திருக்க, அந்த மூடியும் அதைச் சுற்றிய இரண்டு அங்குலக் குழாயும் மட்டும் விரல் பட்டுத் துடைத்தது போலிருந்தால் அண்மையில்தான் அங்கே கை பட்டிருக்கிறது. விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். பதில் தடுமாறினால் 500-ஐக் கழித்துவிட்டு மேலே பேசுங்கள்.

பட்டறைச் செலவு 3,550-இல் நிற்கிறது. இதில் எது காடியின் விலையை ஏற்றியது? ஹெட்லாம்ப் பாலிஷும் உள்சுத்தமும். 330 வெள்ளிச் செலவில் காடி மூன்று வயது இளமையாகத் தெரியும். எஞ்சின் மவுண்டிங் மாற்றியதற்காக எவரும் ஒரு வெள்ளி கூட அதிகம் தரமாட்டார்கள். ஆனால் மாற்றாமல் விட்டால், எக்கோனைப் போட்டு டி-யில் நிறுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்கும், வாங்க வந்தவர் இறங்கிப் போய்விடுவார். செலவுகளை இந்த இரண்டு ரகமாகப் பிரித்து எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த காடியில் கை தேவையில்லாமல் நீளாது. ஃபெண்டரில் இருந்த ஐந்து சென்டிமீட்டர் நீளக் கீறலுக்கு 200 வெள்ளிப் பெயிண்ட் தேவையே இல்லை. புதுப் பெயிண்டைப் பார்த்ததும் 'அடிபட்ட காடியா?' என்றுதான் கேட்பார்கள்.

விற்பது

14,500 என்று போட்டால் முதல் நாளிலேயே இருபது செய்தி வரும். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: 'லாஸ்ட் பிரைஸ்?' காடியைப் பார்க்காமல் விலை கேட்பவருக்குப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்கள் விலைதான் இறங்கும். 'வந்து பாருங்க, பேசலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அதிலும் வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் காடியைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருந்தது போனதுதான்.

பதினாறு வயதுக் காடிக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தராது. இது தெரியாமல் ஒருவர் 300 வெள்ளி புக்கிங் கொடுத்துவிட்டு 'லோன் போட்டுப் பாக்கிறேன்' என்று போவார். முதல் வங்கி, இரண்டாவது வங்கி, பிறகு கூட்டுறவு என்று ஒன்றரை வாரம் ஓடும். அதற்குள் ரொக்கத்தோடு வந்த இருவரைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். கடைசியில் கிடைக்கவில்லை, புக்கிங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்பார். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கொடுத்துவிடுவதுதான் வழக்கம். இந்த வயதுக் காடிக்கு விளம்பரத்திலேயே 'ரொக்கம் மட்டும்' என்று போடுவது பாதிப் பேரை விரட்டும். விரட்ட வேண்டியவர்களும் அவர்கள்தான்.

டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். சாவியை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே பார்க்காமல், அவர் அனுப்பும் ரசீதுப் படத்தை வைத்துக் கைரேகை போடாதீர்கள். பெயர் மாற்றுவதற்கு முன் வாங்குபவர் தன் பெயரில் காப்புறுதி எடுத்தாக வேண்டும். அதைச் சொல்லி வைக்காவிட்டால் ஜேபிஜே வரை போய்த் திரும்ப வேண்டி வரும்.

ஐந்து வாரம் கழித்து 13,200-க்குப் போகிறது. விளம்பரத்தை மேலே ஏற்ற 60, டெஸ்ட் டிரைவ் பெட்ரோல் 80. விற்ற பத்தாம் நாள் பவர் விண்டோ இறங்கவில்லை என்று அழைப்பு வருகிறது. தனியாள் விற்பனையில் உத்தரவாதம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லைதான். ஆனாலும் அதே தாமான், அதே கோயில்; 150 கொடுத்துச் சரிசெய்துவிடுவார்கள்.

கணக்கு

தேடியது 210, லிஃப்ட் சோதனை 200, புஸ்பாகோம் 70, பெயர் மாற்றம் 100, காப்புறுதி 140, ரோட் டேக்ஸ் 70. ஆக 790. பட்டறை 3,550. விற்பனை 290. மொத்தம் 4,630. ஐயாயிரத்தில் மிஞ்சியது 370 வெள்ளி.

நேரம்: தேடல் 28 மணி, பட்டறைக்கு அலைந்தது 10, அலுவலகங்கள் 8, விற்பனை 20. கூட்டினால் 66 மணி நேரம், இரவில் படுத்துக்கொண்டு விளம்பரம் புரட்டியதைச் சேர்க்காமல். மணிக்கு 5 வெள்ளி 60 சென். 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 வெள்ளி 72 சென். இதற்கிடையே கிட்டத்தட்ட 12,000 வெள்ளி இரண்டரை மாதம் முடங்கிக் கிடந்தது. அடுக்குமாடியில் இரண்டாவது பார்க்கிங் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தால் மிஞ்சியதும் மிஞ்சாது.

எங்கே பிடித்திருக்கலாம்? எக்கோனை முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் 500. டயரில் மோசமான இரண்டை மட்டும் மாற்றி, மற்ற இரண்டின் வயதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் 300; அதற்கு அவர் கேட்கும் தள்ளுபடி பெரும்பாலும் நூறைத் தாண்டாது. ஃபெண்டரைத் தொடாமல் விட்டிருந்தால் 200. அந்தத் தள்ளுபடி நூறைக் கழித்தால் மொத்தம் தொள்ளாயிரம். லாபம் 1,270 ஆகும், மணிக்குப் பத்தொன்பது வெள்ளியைத் தாண்டும். முழுநேர வியாபாரியின் லாபம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அவர் அதிக விலைக்கு விற்பதில்லை. ஏழு காடி பார்க்கும் இடத்தில் இரண்டு பார்க்கிறார், பெயிண்ட்காரருக்கு மாதம் பத்துக் காடி கொடுத்து விலையைக் குறைக்கிறார், கூலிங் காயில் கசிவை மூக்கால் கண்டுபிடிக்கிறார். அவரைப் போல மாதாமாதம் செய்ய நினைத்தால் அது வியாபாரம்; உரிமமும் வருமான வரிக் கணக்கும் வேண்டும்.

மைவிக்குப் பதிலாக எதை எடுக்கலாம் என்று கேட்டால்: புரோட்டோன் சாகா பிஎல்எம் மேனுவல் விலை குறைவு, கியர் பாக்ஸ் பயம் இல்லை, ஆனால் டைமிங் பெல்ட் எப்போது மாறியது என்று தெரியாவிட்டால் வாங்கிய அன்றே வாட்டர் பம்ப்போடு மாற்றிவிட வேண்டும். அறுந்தால் வால்வ் வளையும். பழைய ஹோண்டா எடுப்பவர்கள், வெடிக்கும் பழுதுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட தக்காத்தா ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று சேசி எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேச வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே அந்த ஏர்பேக் வாங்கிய முதல் உயிர் 2014-இல் இங்கே, மலேசியாவில், 2003 ஹோண்டா சிட்டி ஒன்றில். மாற்றித் தருவது இலவசம். மாற்றாத காடியை விற்பது வேறு விஷயம். 2,000 சிசிக்கு மேற்பட்ட மலிவு விலைச் சொகுசுக் காடிகளில் ரோட் டேக்ஸே வாங்குபவரை விரட்டும்: 2,000 சிசிக்கு 380 வெள்ளி, அதற்கு மேல் 2,500 வரை சிசிக்கு ஒரு வெள்ளி, 2,500-க்கு மேல் சிசிக்கு இரண்டரை. 3,000 சிசிக் காடிக்கு வருடம் 2,130. எட்டாயிரம் வெள்ளிக் காடிக்கு யார் கட்டுவார்?

பெயர் மாறிய அன்றே செய்ய வேண்டியவை இரண்டு உண்டு, பெரும்பாலோர் மறப்பது. ஒன்று, காப்புறுதியை ரத்து செய்து மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்பது. சின்னத் தொகைதான், ஆனாலும் உங்கள் பணம். மற்றொன்று, காடியில் ஒட்டிய டச் என் கோ ஆர்எஃப்ஐடி வில்லை உங்கள் வாலட்டோடு இணைந்தே இருக்கும். செயலியில் நீக்காவிட்டால் அடுத்த மாதம் புது உரிமையாளர் ஈப்போ போய்வரும் டோல் உங்கள் கணக்கில் கழியும்.